தாயகம் திரும்பிய துறவி

1893ஆம் ஆண்டு மே மாதம் 31ஆம் நாள் பம்பாய்த் துறைமுகத்தினின்று புறப்பட்ட ‘பெனின்சுலர்’ என்னும் கப்பல், கொழும்பைத் தொட்டு, இந்துமாக் கடலைக் கடந்து, பினாங்குத் துறையை வந்தடைந்தது. அக்கப்பலில் காவியுடை தரித்த இளந்துறவி ஒருவர் இருந்தார். அவருக்கு வயது முப்பது. அப்போது ஜார்ஜ் டவுன் நகரில் குயின் தெருவின் அருள்மிகு மகா மாரியம்மன் ஆலயம் எழுந்து அறுபது ஆண்டுகள் ஆகியிருந்தன. துறைமுகத்தில் மூட்டை சுமந்தவர்களும், சூலியா தெருவில் கடை வைத்திருந்தவர்களும், வட்டித் தொழில் நடத்திய நகரத்தாரும் என இந்நகரில் தமிழர் நிறைந்திருந்த காலம் அது. ஆயினும் அத்துறவியை எதிர்கொள்ள எவரும் மாலையுடன் காத்திருக்கவில்லை. அன்று அவர் பெயரை அறிந்தோர் இந்தியாவிலேயே மிகச் சிலர்தாம். சுவாமி விவேகானந்தர் என்னும் அப்பெயர் உலகெங்கும் ஒலிக்க இன்னும் மூன்று மாதங்கள் இருந்தன.

பினாங்கைக் கண்டதையும், அதன்பின் சுமாத்திராவின் மலைகள் தென்பட்டதையும், முற்காலத்துக் கடற்கொள்ளையர் பதுங்கிய இடங்களைக் கப்பல் தலைவர் சுட்டிக் காட்டியதையும் அவர் ஜப்பானின் யோகோகாமா நகரிலிருந்து சென்னை அன்பர்களுக்கு எழுதிய மடலில் சுருக்கமாகக் குறித்துள்ளார். அதே மடலில், ஜப்பானியரின் தூய்மையையும் உழைப்பையும் வியந்துவிட்டு, நம் இளைஞர்கள் வீட்டு மூலையை விட்டு வெளியே வந்து உலகைப் பார்க்க வேண்டும் என்று கடிந்தும் கனிந்தும் எழுதினார். கடல் கடத்தல் பாவம் என்று கற்றோரும் நம்பியிருந்த காலத்தில் எழுதப்பட்ட மடல் அது. இராசேந்திர சோழனின் கப்பற்படை 1025ஆம் ஆண்டளவில் வந்து சேர்ந்த கடாரம், பினாங்குத் தீவுக்கு எதிர்க்கரையில் உள்ள இன்றைய கெடாவே என்பர். அத்தகைய கடலோடிகளின் வழித்தோன்றல்களுக்கே பிற்காலத்தில் கடற்பயணம் தீட்டாகிப் போனது விந்தைதான்.

கல்கத்தாவில் 1863ஆம் ஆண்டு சனவரி 12ஆம் நாள் வழக்கறிஞர் விசுவநாத தத்தரின் மகனாகப் பிறந்த நரேந்திரநாதர், தட்சிணேசுவரத்துக் காளி கோயிலில் வாழ்ந்த ஸ்ரீ ராமகிருஷ்ண பரமஹம்சரிடம் அடைக்கலமானதும், 1886இல் குரு மறைந்தபின் துறவு பூண்டதும், பாரத நாடெங்கும் கால்நடையாய்ச் சுற்றியதும் இம்மலரின் அன்பர்கள் நன்கறிந்தவை. 1892ஆம் ஆண்டின் இறுதியில் அவர் கன்னியாகுமரிக் கடற்பாறையில் அமர்ந்து சிந்தித்தபோது, அவர் நெஞ்சில் நின்றது தம் முக்தி அன்று. வழியெல்லாம் கண்ட பசித்த முகங்களே. அப்பசிக்கு வழி தேடியே அவர் அமெரிக்கா செல்லத் துணிந்தார்.

அவரை அனுப்பிவைத்ததில் தமிழகத்துக்குப் பெரும் பங்குண்டு. சென்னையில் பள்ளி ஆசிரியராயிருந்த அளசிங்கப் பெருமாள் என்னும் வைணவ இளைஞர் தம் தோழர்களுடன் வீடு வீடாகச் சென்று பொருள் திரட்டினார். முதலில் திரண்ட தொகையை ஏழைகளுக்குக் கொடுத்துவிடுமாறு சுவாமிகள் கூறிவிட, மனம் தளராமல் அவர்கள் மீண்டும் திரட்டினர். இராமநாதபுரம் மன்னர் பாஸ்கர சேதுபதி ஊக்கமூட்டினார். கேத்ரி மன்னர் அஜித் சிங் கப்பலில் முதல் வகுப்புச் சீட்டுக்கு ஏற்பாடு செய்தார்.

சிக்காகோவில் நிகழ்ந்தவை உலகறிந்தவை. சமயப் பேரவை செப்டம்பரில்தான் கூடும் என்பதை அறியாமல் சூலை மாத இறுதியிலேயே போய்ச் சேர்ந்து, குளிருக்கு ஏற்ற உடையும் கையில் போதிய பணமும் இன்றி அலைந்தார். ஓரிரவு இரயில் நிலையத்தின் வெற்றுப் பெட்டி ஒன்றில் படுத்துறங்கினார். செப்டம்பர் 11ஆம் நாள் பேசி ஒரே நாளில் புகழின் உச்சியை எட்டினார். இவ்வளவும் பள்ளிப் பிள்ளைகளும் சொல்லும் செய்திகள். அதிகம் பேசப்படாதது ஒன்றுண்டு. புகழ் வந்தபின், செல்வர் மாளிகை ஒன்றில் பஞ்சணையில் படுக்க இடம் கிடைத்த இரவில் அவருக்கு உறக்கம் வரவில்லை. தம் நாட்டு ஏழைகளின் நினைவு வந்து, படுக்கையை விட்டிறங்கித் தரையில் கிடந்து அழுதார் என்று அவர் வரலாறு கூறுகிறது. அமெரிக்காவில் பெண்களுக்கான சீர்திருத்தச் சிறை ஒன்றைப் பார்த்தபோதும், குற்றவாளியையும் மனிதராக நடத்தும் அம்முறையை வியந்த மறுகணமே, குற்றம் ஏதும் செய்யாத நம் நாட்டு ஏழை எவ்வாறு நடத்தப்படுகிறான் என்று எண்ணி உள்ளம் நொந்து எழுதினார். வெளிநாட்டை அவர் பார்த்த முறை இதுவே. கண் அங்கே இருந்தது. கணக்கு இங்கே நடந்தது.

மூன்று ஆண்டுகளுக்கு மேல் அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் வேதாந்தத்தை விளக்கியபின், 1896ஆம் ஆண்டு டிசம்பர் 16ஆம் நாள் அவர் இலண்டனிலிருந்து புறப்பட்டார். வளமும் வலிமையும் மிக்க மேலைநாடுகளில் இத்தனை காலம் வாழ்ந்தபின் தாய்நாடு எவ்வாறு தோன்றும் என்று புறப்படுமுன் ஆங்கில நண்பர் ஒருவர் வினவினார். முன்பு அந்நாட்டை நேசித்ததாகவும், இப்போது அதன் புழுதியும் தமக்குப் புனிதமாகிவிட்டதாகவும் சுவாமிகள் விடை கூறினார். சேவியர் என்னும் ஆங்கிலத் தம்பதியரும், அவர் சொற்பொழிவுகளைச் சுருக்கெழுத்தில் எழுதிக் காத்த குட்வின் என்னும் இளைஞரும் உடன் வந்தனர். இத்தாலியின் நேப்பிள்ஸ் துறையில் டிசம்பர் 30ஆம் நாள் கப்பல் ஏறினர்.

ஏடன் துறையில் நிகழ்ந்த சிறு நிகழ்ச்சி ஒன்று அவர் மனநிலையை நன்கு காட்டும். ஊரைச் சுற்றிப் பார்க்கச் சென்றபோது, தொலைவில் வெற்றிலை விற்றுக்கொண்டிருந்த வட இந்தியர் ஒருவரைக் கண்டார். உடன் வந்த ஆங்கிலேயரை விட்டுவிட்டு விரைந்து சென்று, அம்மனிதரிடம் உறவினர்போல் பேசி, அவருடைய உக்காவை வாங்கிப் புகைத்து மகிழ்ந்தார். ஆக்ஸ்போர்டில் மாக்ஸ் முல்லர் போன்ற பேரறிஞரின் விருந்தினராயிருந்தவர் அவர். ஆனால் அயல் துறைமுகத்தில் நம் ஊர் முகம் ஒன்றைக் கண்டதும் கால் தானே ஓடுகிறது. நாகப்பட்டினத்துக்கும் பினாங்குக்கும் இடையே ‘ரஜுலா’ கப்பலில் போய்வந்த குடும்பங்களுக்கு இதனை விளக்க வேண்டியதில்லை.

1897ஆம் ஆண்டு சனவரி 15ஆம் நாள் மாலை கொழும்பில் அவர் கரையிறங்கினார். சட்டசபை உறுப்பினர் பொன்னம்பலம் குமாரசுவாமி மல்லிகை மாலை சூட்டி வரவேற்றார். தோரணங்களும் இசையும் தேவாரமும் முழங்க ஊர்வலம் சென்றது. அங்கே பேசுகையில் சுவாமிகள் தமக்கு அளிக்கப்பட்ட பெருமையைத் தமதாக எடுத்துக்கொள்ளவில்லை. படைத்தலைவனுக்கோ அரசனுக்கோ செல்வனுக்கோ அன்றி, பிச்சையெடுத்துண்ணும் துறவி ஒருவனுக்கு மக்கள் இவ்வாறு கூடுவது சமயத்தின்மேல் அவர்களுக்குள்ள பற்றையே காட்டுகிறது என்றார். அநுராதபுரத்தில் போதி மரத்தடியில் பேசத் தொடங்கியபோது பறையும் மணியும் அடித்துச் சிலர் கூச்சலிட்டனர். திரண்டிருந்த இந்துக்கள் பொங்கியெழாதபடி அவர்களை அமைதிப்படுத்தினார். யாழ்ப்பாணத்தில் தீவட்டிகளின் ஒளியில் பெருங்கூட்டம் அவரை இந்துக் கல்லூரிக்கு அழைத்துச் சென்றது.

அங்கிருந்து கடல் வழியே சனவரி 26ஆம் நாள் பாம்பனை அடைந்தார். இராமநாதபுரம் மன்னர் கரையில் காத்திருந்தார். சுவாமிகள் அமர்ந்த வண்டியின் குதிரைகளை அவிழ்த்துவிட்டு மக்கள் இழுத்துச் சென்றபோது, மன்னரும் அவர்களோடு சேர்ந்து இழுத்தார். சில ஆண்டுகளுக்கு முன் பெயர் அறியாப் பரதேசியாய்க் கால் நோக நடந்து இராமேசுவரத்துக்கு வந்தவர், இம்முறை யானையும் ஒட்டகமும் குதிரையும் முன்செல்ல அவ்வாலயத்தை அடைந்தார்.

இராமநாதர் சந்நிதியில் அவர் ஆற்றிய உரைதான் அவ்வரவேற்புகள் அனைத்திலும் சிறந்தது எனத் துணிந்து கூறலாம். தமிழில் உடனுக்குடன் மொழிபெயர்த்துக் கூறப்பட்ட அவ்வுரை மிகச் சிறியது. அத்தகைய தலத்தில், தலப்பெருமை பேசினாலே மக்கள் மனம் குளிர்ந்திருக்கும். அவரோ, உள்ளத்தூய்மையும் பிறர்க்கு நன்மை செய்தலுமே வழிபாட்டின் சாரம் என்றார். ஏழையிடத்தும் நோயாளியிடத்தும் நலிந்தவனிடத்தும் சிவத்தைக் காண்பவனே உண்மையில் சிவனை வழிபடுகிறான் என்றும், விக்கிரகத்தில் மட்டும் காண்பவனின் வழிபாடு தொடக்க நிலையிலேயே நிற்கிறது என்றும் விளக்கினார். கோயிலுக்கு வருவதை அவர் குறைத்துச் சொல்லவில்லை. வந்தவர் எதனோடு வீடு திரும்புகிறார் என்றே கேட்டார். மறுநாள் மன்னர் ஆயிரக்கணக்கான ஏழைகளுக்கு உணவும் உடையும் வழங்கினார். அவ்வாண்டு நாட்டில் பஞ்சம் நிலவியது. சுவாமிகளின் வருகையின் நினைவாகச் சென்னைப் பஞ்ச நிவாரண நிதிக்குப் பொருள் அனுப்புவதென்றும் இராமநாதபுரத்தில் மன்னர் ஏற்பாடு செய்தார். பாம்பனில் அவர் எழுப்பிய நினைவுத் தூணினும் இவ்விரு செயல்களே சிறந்த நினைவுச் சின்னங்கள்.

பரமக்குடி, மானாமதுரை, மதுரை, கும்பகோணம் என வழி நெடுகிலும் வரவேற்புகள் தொடர்ந்தன. திருச்சிராப்பள்ளியில் விடியலுக்கு முன் நான்கு மணிக்கே ஆயிரம் பேருக்கு மேல் இரயில் நிலையத்தில் காத்திருந்தனர். சென்னைக்குச் சில கல் தொலைவிலுள்ள சிறு நிலையம் ஒன்றில் வண்டி நிற்காது என்று அறிந்த மக்கள் தண்டவாளத்தில் படுத்துவிட்டனர். வேறு வழியின்றி வண்டி நிறுத்தப்பட்டது. பிப்ரவரி 6ஆம் நாள் எழும்பூரில் இறங்கியவர், கடற்கரையை ஒட்டிய ஐஸ் ஹவுஸ் என்னும் மாளிகையில் ஒன்பது நாட்கள் தங்கினார். ஒரு காலத்தில் அமெரிக்காவின் பாஸ்டன் வட்டாரத்து ஏரிகளிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியைச் சேமிக்கக் கட்டப்பட்ட கட்டடம் அது. இன்று விவேகானந்தர் இல்லம் என்று வழங்குகிறது.

உடல் அப்போதே தளர்ந்திருந்தது. நீரிழிவு நோயின் தொடக்கம் எனலாம். எனினும் சென்னையில் அவர் பேசிய பேச்சுகள் தளர்ந்தவர் பேச்சுகளாக இல்லை. விக்டோரியா மண்டபத்தில் கூட்டம் அடங்காததால் வெளியே வந்து, கீதாசாரியனைப்போல் வண்டியின் மேல் நின்று சில சொற்கள் பேசினார். அதன்பின் நிகழ்த்திய சொற்பொழிவுகளில், தம்மைப் பாராட்ட வந்த கூட்டத்தையே அவர் கேள்வி கேட்டார். மதம் சமையலறைக்குள்ளும் பானைக்குள்ளும் புகுந்துகொண்டதென்றும், தொடாதே என்பதே சமயமாகிவிட்டதென்றும் சாடினார். பாமர மக்களைப் புறக்கணித்ததே நாட்டின் பெரும் பாவம் என்றார். அடுத்த ஐம்பது ஆண்டுகளுக்கு வேறு தெய்வங்களைச் சற்றே மறந்து தாய்நாட்டையே தெய்வமாகக் கொள்ளுங்கள் என்றும் வேண்டினார். கடல் கடந்து புகழோடு திரும்புவோர் தாம் கண்ட அதிசயங்களைச் சொல்லி ஊராரை வியக்க வைப்பதே வழக்கம். சுவாமிகள் சிக்காகோ வெற்றியைப் பற்றிச் சொன்னது கொஞ்சம். அமெரிக்காவில் தம்மைத் தூற்றியவர்களைப் பற்றிச் சற்று மனக்கசப்புடன் பேசியதும் உண்டு; அதையும் மறைப்பதற்கில்லை.

பிப்ரவரி 15ஆம் நாள் கப்பலேறிக் கல்கத்தா சேர்ந்தார். அங்கும் பெருங்கூட்டம். ஆயினும் எல்லாக் கதவுகளும் திறக்கவில்லை. குருவின் பிறந்தநாள் விழாவுக்காக அவர் தட்சிணேசுவரம் சென்றுவந்தபின், கடல் கடந்து மேலைநாட்டாரோடு உணவருந்தியவர் கோயிலுக்குள் புகலாமா என்ற வாதம் பத்திரிகைகளில் எழுந்தது. அடுத்த ஆண்டு அவ்விழா அங்கு நடைபெறவில்லை. வேறோர் ஆலயத்தில் நடத்த நேர்ந்தது. தம் குருநாதர் முப்பதாண்டு வாழ்ந்த இடத்திலேயே இவ்வாறு நேர்ந்தது, எந்த மனத்தையும் புண்படுத்தும். அவர் அதைப் பெரிதுபடுத்தி நின்றுவிடவில்லை.

1897ஆம் ஆண்டு மே முதல் நாள், பாக்பஜாரில் பலராம் போசின் இல்லத்தில் ராமகிருஷ்ண மிஷன் தோன்றியது. சங்கம், விதிமுறை, அறிக்கை என்பவை மேலைநாட்டு வழக்கங்கள் அல்லவா, குருதேவர் இவ்வாறு கற்பித்தாரா என்று உடன் துறவிகளே ஐயுற்றனர். அவர் மேலைநாட்டிலிருந்து கொண்டுவந்த பொருள் இதுதான்: பலர் ஒன்றுகூடி ஒழுங்காக உழைக்கும் முறை. நோக்கம் நம்முடையது, நடைமுறை அங்கிருந்து கற்றது. அம்மாதமே சுவாமி அகண்டானந்தர் முர்ஷிதாபாத் மாவட்டத்தில் பஞ்ச நிவாரணப் பணியைத் தொடங்கினார். 1898இல் கல்கத்தாவில் பிளேக் நோய் பரவியபோது, மடத்துக்கென அரும்பாடுபட்டு வாங்கிய பேலூர் நிலத்தையே விற்றாவது மக்களைக் காப்போம் என்று சுவாமிகள் முன்வந்தார்.

அவ்வுணர்வு கடல் கடந்தும் வேர்விட்டது. கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸ் பகுதியில் ஈழத்தமிழர்கள் அவர் பெயரால் எழுப்பிய விவேகானந்தா ஆசிரமத்தின் கட்டடம் 1904ஆம் ஆண்டைச் சேர்ந்தது. பினாங்கில் ஸ்காட்லாந்து சாலையிலுள்ள ராமகிருஷ்ண ஆசிரமம் ஆதரவற்ற பிள்ளைகளுக்கு இல்லமாக விளங்கிவருகிறது. 1893இல் மாலையிட ஆளின்றி இத்துறையைக் கடந்து சென்றவரின் கருத்து இவ்வாறு இங்கே வந்து சேர்ந்தது.

1899ஆம் ஆண்டு சூன் மாதம் அவர் இரண்டாம் முறை மேலைநாடு புறப்பட்டார். ‘கோல்கொண்டா’ என்னும் அக்கப்பல் சென்னைத் துறையில் நின்றபோது, கல்கத்தாவிலிருந்து வருவோர் பிளேக் நோய் காரணமாகக் கரையிறங்க அனுமதிக்கப்படவில்லை. இரண்டாண்டுகளுக்கு முன் குதிரைகளை அவிழ்த்து வண்டி இழுத்த நகரம், இப்போது படகுகளில் வந்து கப்பலைச் சுற்றி நின்று அண்ணாந்து பார்த்தது. அளசிங்கப் பெருமாள் மட்டும் கொழும்பு வரை சீட்டெடுத்துக் கப்பலில் ஏறிக்கொண்டார். ஆசிரியர் ஒருவரின் எளிய வருவாயில் அது சிறு செலவன்று.

இப்பயணத்திலிருந்து அவர் திரும்பிய விதமோ முற்றிலும் வேறானது. எகிப்தில் இருக்கும்போது திடீரென மனம் மாறி, எவருக்கும் அறிவிக்காமல் கப்பலேறி, பம்பாயில் இறங்கி, இரயிலில் கல்கத்தா சேர்ந்தார். 1900ஆம் ஆண்டு டிசம்பர் 9ஆம் நாள் இரவு பேலூர் மடத்தின் வாயிற்கதவு பூட்டியிருந்தது. யாரோ ஒரு துரை வந்திருப்பதாகத் தோட்டக்காரர் உள்ளே ஓடிச் சொன்னார். துறவிகள் வெளியே வருவதற்குள், ஆங்கில உடையிலிருந்த அத்துரை மதில் தாண்டி உள்ளே வந்துவிட்டார். உணவு மணி ஒலித்ததைக் கேட்டதாகவும், இப்போதே வராவிட்டால் தமக்கு ஒன்றும் மிஞ்சாது என்று தாண்டியதாகவும் சிரித்தபடி கூறினார். பலகை போட்டுக் கிச்சடி பரிமாறினர். நெடுநாள் பசியுடையவர்போல் உண்டு, நள்ளிரவு வரை பேசிக்கொண்டிருந்தார்.

அந்த இரவின் மகிழ்ச்சிக்குள்ளே துயரமும் இருந்தது. 1897இல் தம்மோடு வந்த கேப்டன் சேவியர் இமயத்து மாயாவதியில் அக்டோபர் மாதமே காலமான செய்தியை வந்த பிறகே அவர் அறிந்தார். நலிந்த உடலோடு பனி படர்ந்த மலையேறிச் சென்று சேவியர் அம்மையாருக்கு ஆறுதல் கூறித் திரும்பினார். அதன்பின் மீண்டும் கடல் கடக்கவில்லை. 1902ஆம் ஆண்டு சூலை 4ஆம் நாள், நாற்பது வயது நிறையுமுன் பேலூரில் உடல் நீத்தார்.

கடைசி ஆண்டுகளில் அவருக்குப் பெருமக்களின் வருகை சலித்துப்போயிற்று. மடத்து நிலத்தைச் சமன்செய்ய ஆண்டுதோறும் வந்த சந்தால் பழங்குடித் தொழிலாளரோடு பேசியிருப்பதே அவருக்கு இன்பமாயிற்று. கேஷ்டா என்னும் முதியவர், வேலை நேரத்தில் சுவாமி வந்து பேசினால் வேலை நின்று, பிறகு மேற்பார்வையிடும் பெரியவரிடம் தாங்கள் ஏச்சு வாங்க நேரிடுகிறது என்று உரிமையோடு குறைபட்டுக்கொள்வார். 1901ஆம் ஆண்டின் இறுதியில் ஒருநாள் அவர்கள் அனைவரையும் மடத்தில் உணவருந்துமாறு சுவாமிகள் அழைத்தார். கேஷ்டா தயங்கினார். வெளியார் தொட்ட உப்பிட்டு உண்டால் தங்கள் சாதிக் கட்டு போய்விடும் என்றார். கடல் கடந்ததால் சாதி கெட்டவர் என்று கல்கத்தாவில் ஏசப்பட்டவரின் அழைப்பை, சமுதாயத்தின் கடைப்படியில் வைக்கப்பட்டிருந்த மனிதரும் அதே காரணம் கூறி மறுத்தார். சுவாமிகள் வாதாடவில்லை. உப்பின்றிச் சமைத்தால் உண்பீர்களா என்று மட்டும் கேட்டார். கேஷ்டா இசைந்தார். பூரியும் கறிவகைகளும் தயிரும் இனிப்பும் உப்பில்லாமல் ஆயத்தமாயின. அவர்கள் வரிசையாக அமர்ந்து உண்ண, இன்னும் வேண்டுமா என்று கேட்டுக் கேட்டுப் பரிமாறச் செய்தபடி சுவாமிகள் அருகில் நின்றுகொண்டிருந்தார்.